சைக்கிள் ஓட்டினால் கண்ணில் நீர், ஓடினால் எரிச்சல்: யாராவது வழி சொல்லுங்கள்

பிடோக்வாசி

வணக்கம். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மாலை வேளைகளில் சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடுவேன். வார இறுதியில் காலை ஏழு மணிவாக்கில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கிப் பக்கம் சைக்கிள்.

சில மாதங்களாகக் கண் பாடாய்ப் படுத்துகிறது. சைக்கிள் வேகம் பிடித்ததும் இரண்டு கண்களிலும் நீர் வழிந்து பாதையே மங்கிவிடுகிறது. ஓடும்போது நீர் வருவதில்லை; ஆனால் பாதி தூரத்தில் சுருக்கென்று எரிச்சல் தொடங்கினால் வீட்டுக்கு வந்து கழுவும்வரை நிற்பதில்லை. போதாக்குறைக்கு, வலது கண்ணில் மூக்கோரமாக ஒரு சிவப்பு நிரந்தரமாகவே குடியேறிவிட்டது.

கிட்டப்பார்வை உண்டு. பயிற்சிக்குப் போகும்போது கண்ணில் பொருத்தும் மாத லென்ஸ் (மாதம் ஒருமுறை மாற்றுவது). சைக்கிளில் அதற்கு மேல் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி. சன்ஸ்கிரீனை நெற்றி முழுக்கப் பூசுவேன். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து விட்டால் சிறிது நேரம் கண் பளிச்சென்று இருக்கிறது, பிறகு முன்னைவிடச் சிவந்துவிடுகிறது. சைக்கிளை விற்றுவிடு என்கிறாள் மனைவி. அதைத் தவிர வேறு எதுவானாலும் சொல்லுங்கள்.

இளையவன்

அண்ணா, இரவில் இரண்டு சொட்டு பன்னீர் விட்டுப் பாருங்கள். எங்கள் பாட்டி காலத்து வைத்தியம். சூடு தணிந்துவிடும்.

கண்ணாடிக்கடை அக்கா

தம்பி, பன்னீரைக் கல்யாண வாசலில் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது கிருமி நீக்கப்பட்ட திரவம் அன்று. லென்ஸ் அணிகிற கண்ணில் அதை விடவே கூடாது.

பிடோக்வாசி, நீங்கள் மூன்று தனித்தனிக் கோளாறுகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

நீர் வழிவது வறட்சியால். கேட்க விநோதமாக இருக்கும். எதிர்காற்று கண்ணின் மேலுள்ள ஈரப்படலத்தை உலர்த்துகிறது. பாதையைக் கூர்ந்து பார்க்கும்போது நாம் இமைப்பதும் குறைகிறது. கண் பதறிப்போய் வெறும் நீரைக் கொட்டுகிறது. அந்த நீர் கண்ணில் ஒட்டி நிற்காது, கன்னத்தில் இறங்கிவிடும். மாதக் கடைசியில் படிவு சேர்ந்த லென்ஸ் என்றால் இன்னும் மோசம். ஒரு சோதனை: அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டு மின்விசிறிக்கு நேராக முகத்தைக் காட்டுங்கள். இமையில் காற்று படுகிறதா?

எரிச்சல், அநேகமாக வியர்வையோடு இறங்கும் சன்ஸ்கிரீன். அவோபென்சோன் போன்ற வேதி வடிப்பான்கள் சிலர் கண்ணில் பட்டால் தாங்க முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல் புறஊதாக் கதிர் குறைந்துவிடும். ஒரு நாள் அந்த நேரத்தில் நெற்றியில் எதுவும் பூசாமல் ஓடிப் பாருங்கள்.

சிவப்புக்கு, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று மூக்கோர வெள்ளைவிழியைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தச் சொட்டு மருந்தை இன்றோடு நிறுத்துங்கள். அது இரத்த நாளங்களைச் சுருக்கி வைக்கும். வேகம் தணிந்ததும் அவை முன்னைவிட விரியும். அந்தச் சுழலில்தான் சிக்கியிருக்கிறீர்கள்.

பிடோக்வாசி

அக்கா, மின்விசிறிச் சோதனையில் கண்ணாடி அடியோடு தோற்றது. மேலேயும் பக்கவாட்டிலும் காற்று தாராளமாக நுழைகிறது. சன்ஸ்கிரீன் இல்லாமல் ஓடினேன், எரிச்சல் சுத்தமாக இல்லை! மூக்கோரத்தில் மஞ்சளாக, அரிசி நொய் அளவுக்குச் சின்ன மேடு. கருவிழியைத் தொடவில்லை. இது என்ன?

கண்ணாடிக்கடை அக்கா

வெயிலாலும் காற்றாலும் தூசியாலும் வரும் மேடாக இருக்கலாம். சதை கருவிழிமேல் ஏறத் தொடங்கினால் அது வேறு கட்டம். பெரிதானால் பார்வையை மறைக்கும், அறுவைச் சிகிச்சைகூடத் தேவைப்படலாம். எது என்பதை நுண்ணோக்கி விளக்கில் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும், நான் அல்ல. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு கண் நிலையத்துக்குப் போனால் மானியமும் கிடைக்கும்.

இது ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கமே வருகிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. காதுப் பக்கமிருந்து சாய்வாக நுழையும் கதிரைக் கருவிழியின் வளைவு எதிர்ப்பக்கமான மூக்கோரத்தில் குவித்துவிடுகிறது. அதனால் முன்னால் மட்டும் கறுப்பாக இருக்கும் கண்ணாடி போதாது. பக்கவாட்டையும் மூட வேண்டும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதைக் குறிக்கும் 'யூவி 400' முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரையை நம்ப மனமில்லையென்றால் அளவிடும் கருவி உள்ள கடையில் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. கறுப்பு நிறம் மட்டும் இருந்து கதிர்த்தடுப்பு இல்லாவிட்டால், இருட்டில் பாவை விரிந்து கதிருக்குக் கூடுதல் வழி விடும். போலரைஸ்டு என்றாலும் அது கூச்சத்தைத்தான் குறைக்கும், கதிர்த்தடுப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

சாங்கிச் சக்கரம்

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவருக்குக் கிட்டப்பார்வை. முகத்தை வளைத்து மூடும் சட்டத்தில் பவர் போட்டால் ஓரத்தில் உருவம் நெளியும். எனக்குத் தலைசுற்றலே வந்தது. அன்றன்றே எறிந்துவிடும் தினசரி லென்ஸ் போட்டு, மேலே பவர் இல்லாத வளைந்த கண்ணாடி அணிவதுதான் எனக்குச் சரிப்பட்டது.

காலையில் சாங்கியை நோக்கிப் போனால் தாழ்ந்த சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். கூச்சம் அதிகம், கதிர் குறைவு. அதற்கு வெளிர்நிறக் கண்ணாடியும் தொப்பி விளிம்பும் போதும். கதிர் வலுப்பது பத்து மணிக்கு மேல். நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒரு மணிக்கு. அப்போது கதிரின் வலுவைக் காட்டும் புறஊதாக் குறியீடு பல நாட்களில் 11ஐத் தொடும், தாண்டும்; 11 என்றாலே உச்சக் கடுமை. தேசியச் சுற்றுப்புற அமைப்பு பகலில் மணிக்கொருமுறை அதை வெளியிடுகிறது. மேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், மெல்லிய மேகம் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

வெயிலில் தானே கறுக்கும் கண்ணாடியைச் சிலர் புகழ்வார்கள். நம் சூட்டில் அது முழுமையாகக் கறுப்பதில்லை. சுரங்க நடைபாதைக்குள் நுழைந்தால் உடனே தெளிவதும் இல்லை. எதிரே குழந்தை ஓடிவந்தால் என்ன செய்வீர்கள்?

பிடோக்வாசி

மருந்தகத்தில் முன்பதிவு செய்துவிட்டேன். கதிரைத் தடுக்கும் வளைந்த கண்ணாடியும் வேதி வடிப்பான் இல்லாத துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீனும் நெற்றிப் பட்டையும் வாங்கியாயிற்று. முகம் வெள்ளையடித்த சுவர்போல் இருக்கிறது, பரவாயில்லை. கடைசியாக ஒன்று: லென்ஸ் மேலேயே செயற்கைக் கண்ணீர் விடலாமா?

கண்ணாடிக்கடை அக்கா

பதப்படுத்தும் மருந்து சேராததாகவும், லென்ஸுடன் பயன்படுத்தலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பயன்படுத்தும் குட்டிக் குப்பிகளில் கிடைக்கும். கிளம்புமுன் ஒரு சொட்டு, சாங்கியில் இளைப்பாறும்போது ஒரு சொட்டு. மிச்சத்தை எறிந்துவிடுங்கள், சட்டைப்பையில் வைத்து மறுநாள் விடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவவும் கூடாது. லென்ஸ் பராமரிப்பில் எந்த அலட்சியமும் வேண்டாம்: 2005, 2006இல் இங்கே லென்ஸ் அணிகிறவர்களிடையே பூஞ்சைத் தொற்று பரவியதை எங்கள் தொழிலில் யாரும் மறக்கவில்லை.

வலி, வெளிச்சம் பட்டால் தாங்காமை, பார்வை மங்கல், இவற்றில் எது வந்தாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். முன்பதிவு நாள்வரை காத்திருக்க வேண்டாம்.