தேடுதல் வாரண்டை எதிர்த்து வாதாடியவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியின் வீட்டைப் போன மாதம் போலீசார் சோதனையிட்டார்கள். வாரண்டில் கையெழுத்திட்ட மாஜிஸ்திரேட் சட்டம் படித்தவர் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அது மட்டும் போதாது என்று எனக்குப் புரிகிறது. வழக்கறிஞர் அல்லாத நீதிமன்ற எழுத்தர்களும் நகராட்சி விதிமீறல்களுக்குக் கைது வாரண்ட் தரலாம் என்று 1972இல் ஷாட்விக் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுநிலை வேண்டும், போதிய முகாந்திரம் இருக்கிறதா என்று எடைபோடும் திறன் வேண்டும், அவ்வளவுதான்.

என் மனதை அறுப்பது அந்த நடுநிலைதான். வாரண்ட் கேட்டு மனுச் செய்த அதிகாரி அந்த மாஜிஸ்திரேட்டின் சொந்த மைத்துனர்! வாரண்ட் கொடுத்தால் 5 டாலர், மறுத்தால் ஒன்றுமில்லை என்றிருந்த ஏற்பாட்டை 1977இல் கானலி வழக்கில் செல்லாது என்றார்கள். ஐந்து டாலருக்கே அப்படியென்றால், உறவுக்கு?

போலீசார் வாரண்டை நம்பி நல்லெண்ணத்தோடு செயல்பட்டார்கள் என்று அரசுத் தரப்பு 1984ஆம் ஆண்டின் லியான் தீர்ப்பைக் காட்டும் என்கிறார் தம்பியின் வழக்கறிஞர். வாரண்டில் குறை இருந்தாலும், போலீசார் அதை நியாயமாக நம்பி நடந்திருந்தால் கிடைத்த சாட்சியங்களை விலக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பு. சாட்சியங்களை விலக்கக் கோரும் மனுவில் இந்த உறவை எந்த ஆவணங்களைக் கொண்டு நிறுவுவது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மனுவுக்கு இன்னும் இரண்டு வாரமே இருக்கிறது.