அப்பாவின் டிஸ்எபிலிட்டி பென்ஷன் வழக்கு மறுபடி மெடிக்கல் போர்டுக்கே போய்விட்டது, தோற்றுவிட்டோமா?

வேலூர் மகள்:
அப்பா ஹவில்தார். 1981-இல் சேர்ந்து 2005-இல் வெளியே வந்தார். 2001-இல் லடாக்கின் லே நகரில் இருந்தபோது தலைசுற்றி விழுந்தார், அப்போதுதான் ரத்தக்கொதிப்பு என்று தெரிந்தது. வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழு, உடல் இயலாமை 30 சதவீதம் என்று எழுதியது, ஆனால் பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சர்வீஸ் பென்ஷன் வருகிறது, டிஸ்எபிலிட்டி பங்கு மட்டும் இல்லை. இரண்டு அப்பீலும் தள்ளுபடியாகி, அப்புறம்தான் ராணுவத்தினர் வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போனோம். போன வாரம் ஆர்டர் வந்தது: பழைய மறுப்பு ரத்து, ரிவியூ மெடிக்கல் போர்டு வைத்துக் காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும். மறுபடி முதலிலிருந்தா? அதைவிடப் பெரிய கவலை, பிரஷர் நார்மலாக இருந்தால் நோயே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று அப்பா மூன்று நாளாக மாத்திரையைத் தொடவில்லை. சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

முன்னாள் சுபேதார்:
அம்மா, ஆர்டர் இருக்கட்டும், முதலில் அப்பாவை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது. இத்தனை வருஷ மருந்துச்சீட்டுதான் அவருக்குச் சாட்சி. போர்டுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தோற்கவில்லை. மறுப்பு ரத்தானதே பாதி வழி. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருந்தும்: சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று சொல்கிற போர்டு காரணம் எழுத வேண்டும். ஒரே வரி போதாது.

ஆர்டரின் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். போர்டிடம் கேட்டது பணித் தொடர்பா, சதவீதமா, இரண்டுமா? அதைப் பொறுத்துத்தான் நீங்கள் தயாராக வேண்டும்.

கோவை ஓய்வு கிளார்க்:
சேரும்போது எடுத்த மெடிக்கல், வெளியே வந்தபோது போட்ட போர்டு பேப்பர், எங்கெங்கே எத்தனை மாதம் போஸ்டிங் என்ற விவரம், இந்த மூன்றும் கையில் வேண்டும். இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். லே போஸ்டிங் தேதியும் நோய் தெரிந்த தேதியும் ஒன்றாக வருவதைத் தனித்தாளில் எழுதி, போர்டில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

ஆர்டரில் சொன்ன கெடு தாண்டினால் சும்மா இருக்காதீர்கள், நிறைவேற்றக் கோரி வக்கீல் மனுப் போடலாம். பணித் தொடர்பு இல்லை என்று போர்டு மறுபடி சொன்னாலும் தீர்ப்பாயம் திறந்துதான் இருக்கிறது. ஒத்துக்கொண்டால் 30 சதவீதத்தை 50-ஆகக் கணக்கிட வேண்டும், 2014 ராம் அவதார் தீர்ப்பு அதற்குத்தான். அரியர் மட்டும் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும், 2005-லிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

வேலூர் மகள்:
ஐயா, டாக்டரிடம் போய்விட்டு வந்தோம். 180-க்கு 110. அப்பா அங்கேயே மாத்திரை போட்டார், நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதற்கு அப்புறம்தான் கிளம்பவே செய்தார். கடைசிப் பக்கத்தில் பணித் தொடர்பு மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். பீரோவுக்கு மேல் இருந்த டிரங்குப் பெட்டியில் 2001 ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது, மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் தேதியும் சீலும் தெரிகின்றன. நாளைக்கு ஜெராக்ஸ் எடுத்து வக்கீலிடம் கொடுக்கிறேன்.