கூலிக் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது, அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

மஞ்சக்காட்டுப் புள்ளை:
கோபிப் பக்கம், எங்களுக்கு மஞ்சளும் வாழையும். கோவையில் படிப்பு முடிந்து வீட்டில் இருக்கிறேன், மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சும்மாதானே இருக்கிறாள் என்று அப்பா கூலி நோட்டைக் கையில் கொடுத்தார், வினை அங்கேதான் ஆரம்பம். மஞ்சள் வெட்டுவது ஆண்கள், கிழங்கு பொறுக்குவது பெண்கள், சரி, வேலை வேறு என்று வைத்துக்கொள்வோம். வாழைக்கு உரம் வைப்பது இரண்டு பேரும்தானே, அதற்கும் பெண்ணுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கேட்டால் "ஊர் வழக்கம் கண்ணு". அப்புறம் டீ. கூலிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் சாளை (தோட்டத்து வீடு) எரவாணத்தில் செருகி வைத்த பிளாஸ்டிக் டம்ளர், குடித்துவிட்டு அவர்களே கழுவிச் செருக வேண்டும். அவர்களில் எங்கள் ஆத்தா வயசுள்ளவர் ஒருவர் என்னைச் "சின்னம்மிணி" என்கிறார், எட்டாவது படிக்கிற என் தம்பி அவரைப் பேர் சொல்லி "வாடி" என்கிறான். வாயைத் திறந்தால் "கட்டிக்கொடுத்துப் போற புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" சொத்தில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கும் பேச்சும் ஓடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை:
முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீங்க. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாச்சு, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள், 2005-இல் மத்தியச் சட்டம் அவர்களையும் சேர்த்தது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அது பிறப்பால் வரும் உரிமை என்று சொல்லிவிட்டது. அப்பா சுயமாகச் சம்பாதித்தது வேறு கணக்கு, அதை அவர் யாருக்கும் எழுதலாம். "அதான் நகை போடறமே" என்பார்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவானபின் மீட்பது பெரும்பாடு.

பவானிக்காரி:
எங்கம்மா இப்படிக் களையெடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தது. ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீங்க. அந்தப் பெண்களை வைத்துக்கொண்டு அப்பாவிடம் சண்டை போட்டால் உங்களுக்கு ஒருநாள் திட்டு, அவர்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை. அவர்களுக்கு முதலில் எது வேண்டும் என்று கேட்டீங்களா? எங்கம்மாவைக் கேட்டால் கூலி என்றுதான் சொல்லும். டம்ளர் மாறி, கூலி அப்படியே கிடந்தால் மனசு ஆறுவது உங்களுக்குத்தான். தம்பி வாயைத் திருத்தக் காசு ஆகாது, அதை இன்றைக்கே செய்யலாம்.

காங்கேயத்தான்:
நானும் பண்ணையம் பார்க்கிறவன், ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவன். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தாச்சு, ஆனால் சட்டம் பேசினால் உங்கப்பா காதில் ஏறாது, கணக்குப் பேசுங்க. நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பல்லடம், திருப்பூர் கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றுகிறது. இருக்கிற நாலு பேரும் வேன் ஏறிவிட்டால் மஞ்சளை யார் பொறுக்குவது? இதை நோட்டிலேயே எழுதிக் காட்டுங்க.

மஞ்சக்காட்டுப் புள்ளை:
எல்லாருக்கும் நன்றிங்க. கையெழுத்து போடப்போவதில்லை. தம்பியிடம் சொன்னேன், "அப்போ அத்தைன்னு கூப்பிடட்டுமா?" என்றான். ஆத்தா பாயை விட்டு எழுந்தேவிட்டார், "அவ எப்படிடா உனக்கு அத்தை ஆவா?" சண்டை இன்னும் முடியவில்லை, கூலிப் பேச்சை அப்பாவிடம் நாளைக்குத்தான் எடுக்க வேண்டும்.