கட்டை எண்டா உங்கட தொழில்ல என்ன?

மகளைச் சங்கீதத்துக்குச் சேர்க்க மானிப்பாயில இருந்து இணுவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனனான், அம்மாவும் வந்தவ. ரீச்சர் "பிள்ளை எத்தினை கட்டையில பாடுறவ?" எண்டு கேக்க அம்மா உடன "ரெண்டு கட்டை வரும் பிள்ளை, மானிப்பாயில இருந்துதானே வாறம்" எண்டிட்டா.

அம்மாவில பிழை இல்லை. எங்கட பழசுகளுக்கு மைல் எண்டா கட்டைதான், றோட்டுக்கரையில நட்டிருந்த மைல்கல்லால வந்த கதை, கிலோமீற்றர் வந்து எவ்வளவு காலமாச்சு, திருகோணமலைப் பக்கம் மூண்டாங்கட்டை ஆறாங்கட்டை எண்டு இடத்துக்குப் பேராவே இண்டைக்கும் நிக்குது. ரீச்சர் கேட்ட கட்டை பாடுற சுருதியின்ர உயரமாம், வடிவா ஆர்மோனியத்தைத் திறந்து காட்டினவ. ஸி எண்டுற வெள்ளைக் கட்டைதான் ஒரு கட்டை, அடுத்த வெள்ளை ரெண்டு, நடுவில இருக்கிற கறுப்பு ஒண்டரை. மூண்டுக்கும் நாலுக்கும் நடுவில கறுப்பே இல்லை, அதால மூண்டரைக் கட்டை எண்டு ஒண்டு கிடையாது! பொம்பிளையள் கூடுதலா அஞ்சு அஞ்சரைப் பக்கம், ஆம்பிளையள் ஒண்டு ஒண்டரைப் பக்கம் பாடுவினமாம். எனக்கு இவ்வளவு வயசுக்குப் பிறகுதான் இது விளங்கினது, சரியான சந்தோசம். உங்களுக்கும் இப்பிடி நடந்திருந்தா எழுதுங்கோ.

பதில்:
நான் சைக்கிள் திருத்திறனான். "அண்ணை கட்டை போட்டுது" எண்டு வந்தா நான் முதல் கேக்கிறது பிறேக் கட்டையோ பெடல் கட்டையோ எண்டுதான். தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாம யாழ்ப்பாணமே சைக்கிள்ள ஓடேக்க, ஐயா பழைய ரயரைச் சீவிப் பிறேக் கட்டை செய்து போட்டவர், கூட இறுக்கினா றிம்மைப் பிடிச்சிடும், இளக்கினா நிக்காது, அவற்ற கைக்குத்தான் அந்தப் பதம் தெரியும்.

பதில்:
தையல் கடையில கட்டைக் கை, கட்டைக் காற்சட்டை. நீட்டு இல்லாட்டிக் கட்டை, அவ்வளவுதான்.

பதில்:
நாங்கள் நாயனக்காரக் குடும்பம். எங்களுக்கு நீட்டுக் குறைஞ்ச கட்டையும் சுருதிக் கட்டையும் ஒண்டாத்தான் வரும். திமிரி நாயனம் ஆள் கட்டை, சுருதி நாலு அஞ்சு கட்டை. பாரி நாயனம் நல்ல நீட்டு, ரெண்டு ரெண்டரைக் கட்டையிலதான் நிக்கும். குழல் கட்டையாக ஆகக் கட்டை கூடும், உள்ள காத்து ஓடுற நீளம் குறையுதெல்லே. திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளை பாரியைப் பிரபலமாக்க முந்தி கூடுதலான ஆக்கள் திமிரிதான் வாசிச்சவை, அந்த உச்சத்தில மூச்சுப் பிடிச்சு ராகம் ஆலாபனை செய்யிறது லேசுப்பட்ட வேலை இல்லை. முதல் கேட்ட தங்கச்சி, மகளை ஒருக்கா நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, மேளக்காரருக்குப் பக்கத்தில நிண்டு கேக்கட்டும்.