பிராந்தியக் காணித் திட்டம் எதற்காக? பிரதேச சபையின் அனுமதி போதாதா?

வத்தளைக்காரன்:
வத்தளையில் எங்கள் குடும்பத்துக்கு 20 பேர்ச்சஸ் தாழ்நிலம் உள்ளது. காணி உறுதியில் எந்தச் சிக்கலும் இல்லை. அதை நிரப்பி வீடு கட்ட அனுமதி கேட்டபோது, திட்ட வரைபடத்தில் அது நீர் தேங்கும் பகுதியாகக் குறிக்கப்பட்டிருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார்கள். கட்டட அனுமதி வழங்க உள்ளூராட்சி சபை ஒன்று இருக்கையில், அதற்கும் மேலாக முழுப் பிராந்தியத்துக்கும் ஒரு காணிப் பயன்பாட்டுத் திட்டம் வகுப்பதன் நோக்கம் என்ன? விளக்கம் வேண்டியே கேட்கிறேன்.

களனிக்கரை:
தங்கள் காணியையே எடுத்துக்கொள்வோம். கொழும்பை அடுத்த கோட்டே, கொலன்னாவைப் பக்கத்து மழைநீர் கால்வாய்கள் வழியாக வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய இடங்களில் கடலிலும், வடக்கே களனி கங்கையிலும் சேர்கிறது. கங்கை பெருகினால் அதன் நீர் நகருக்குள் புகாதிருக்க வடக்கு மதகை மூடவேண்டியுள்ளது. அந்த நேரத்தில் உள்ளே பெய்யும் மழையைப் பெரும்பாலும் எஞ்சியுள்ள சதுப்பு நிலங்களே தாங்கிக்கொள்ளவேண்டும். வத்தளை கங்கையின் மறுகரையில் இருந்தாலும் கதை இதுதான்: தாழ்நிலம் நிரப்பப்பட்டால் அங்கே தங்கவேண்டிய நீர் அயல் வீட்டுக்குள் போகும். 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்ததையும், 2016 மே மாதத்தில் கொலன்னாவை மூழ்கியதையும் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு சபை தன் எல்லைக்குள் கொடுக்கும் அனுமதியின் விளைவை இன்னொரு சபையின் மக்கள் அனுபவிக்கிறார்கள் என்பதாலேயே, எல்லைகளைக் கடந்து முழு நீரேந்து பரப்பையும் ஒன்றாகப் பார்க்கும் திட்டம் தேவைப்படுகிறது.

குப்பையும் அப்படித்தான். கொழும்பு மாநகரின் கழிவு மாநகர எல்லைக்கு வெளியே மீதொட்டமுல்லையில் குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், அந்த மேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பழைய கோப்பு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் திட்டம் இல்லாமல் நாம் கெட்டதாக நினைக்கவேண்டாம். 1921இல் நகரத் திட்டமிடலாளர் பேட்ரிக் கெடிஸின் திட்டம், 1940களின் இறுதியில் இன்னொரு திட்டமிடலாளரான பேட்ரிக் அபெர்குரோம்பியின் திட்டம், 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், 2016இல் மேல் மாகாண மெகாபொலிஸ் (பெருநகர) திட்டம் என்று ஒரு நூற்றாண்டாக வரைபடங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆட்சி மாறினால் அலுமாரிக்குள் போகும் திட்டத்தை நம்பி எவரும் காணி வாங்கவோ முதலீடு செய்யவோ முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. 20 பேர்ச்சஸ் சதுப்பை நிரப்பாமல் வைத்திருப்பதால் நன்மை அடைவது முழு நகரமும், நட்டம் அடைவது உறுதி வைத்திருக்கும் ஒரு குடும்பமும் என்றால், அந்தச் சுமையைப் பகிர்வதற்கான வழியையும் (மாற்றுக்காணியோ, நட்டஈடோ, வரிச்சலுகையோ) திட்டமே சொல்லவேண்டும். தடையை மட்டும் எழுதிவைத்தால், இரவில் மண் லொறி வந்துபோவதை எந்த வரைபடமும் நிறுத்தாது. அதைப் பலமுறை கண்ணால் கண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகி:
இருவரும் தடையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கே வளர்ச்சி வரவேண்டும் என்று காட்டுவதும் இத்தகைய திட்டத்தின் வேலைதான். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 6 சதவீதமே உள்ள மேல் மாகாணத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, மக்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் படிப்புக்கும் வேலைக்கும் வருபவர்கள் எங்கள் ஒழுங்கைகளில் அறை தேடி அலைகிறார்கள். அவரவர் ஊருக்கு அருகிலேயே தொழிலும் மருத்துவமனையும் நல்ல வீதியும் அமைந்தால் கொழும்பின் சதுப்புமீதுள்ள நெருக்கடியும் தணியும். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்தத் தனிச் சபைக்கும் இல்லை.

வத்தளைக்காரன்:
மூவருக்கும் நன்றி. மதகு மூடப்படும் விடயம் எனக்குப் புதிது. அடுத்ததாக நான் செய்யவேண்டியது என்ன?

களனிக்கரை:
மறுப்பை எழுத்தில், காரணத்துடன் கேட்டு வாங்குங்கள். வர்த்தமானியில் வெளியான வலய வரைபடத்தில் காணி எங்கே விழுகிறது என்பதை நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சில வேளைகளில் காணியின் ஒரு பகுதி மட்டுமே கோட்டுக்குள் இருக்கும். அது வயற்காணியாகப் பதிவாகியிருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் நிரப்புவதற்குத் தனி அனுமதியும் வேண்டும். இவை தெரியும்வரை ஒரு லொறி மண்கூடக் கொட்டவேண்டாம்.