புகையிட்ட மிளகாயெல்லாம் சிபோட்லேயா?

மிளகுத்தட்டு:
சிபோட்லே என்பது மெக்சிகோவின் புகையிட்டு உலர்த்திய மிளகாய். அது ஹலபேன்யோ என்ற மிளகாய் வகை மட்டும்தான் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் 'சில்லி' என்றால் மிளகாய், 'போக்ட்லி' என்றால் புகை. சில்போக்ட்லி என்பதே ஸ்பானியர் வாயில் சிபோட்லே ஆனது என்பார்கள். இதில் ஹலபேன்யோ எங்கே வந்தது? 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் சஹகூன் என்ற ஸ்பானியப் பாதிரியார் தொகுத்த ஏட்டில் மிளகாய் விற்பவரின் சரக்குப் பட்டியல் இருக்கிறது. அதிலும் 'புகையிட்ட மிளகாய்' என்று பொதுவாகத்தான் வருகிறது. ராமநாதபுரம் குண்டு மிளகாயைப் புகைபோட்டு சிபோட்லே என்று எழுதினால் என்ன தப்பு?

அம்மிக்கல்:
சொல் பிறந்த கதை வேறு, சந்தையில் அது குறிக்கும் பொருள் வேறு. மெக்சிகோவின் வஹாக்கா மலைப்பகுதியில் பசீயா மிஹே என்று ஒரு மிளகாய், அதுவும் புகையில் காய்வதுதான். அதை அங்கே யாரும் சிபோட்லே என்று விற்பதில்லை. சிபோட்லே கேட்டால் கையில் வருவது பழுத்துச் சிவந்த ஹலபேன்யோ.

காரணம் சதை. ஹலபேன்யோவின் தோல்சதை தடிமன், முழுசாக வெயிலில் போட்டால் உள்ளே ஈரம் தங்கி, காய்வதற்குள் அழுகிவிடும். புகைதான் வழி. குண்டு மிளகாய் களத்து வெயிலிலேயே சலசலவென்று காய்ந்துவிடும். அதற்குப் புகை ஒரு கூடுதல் மணம், அவ்வளவுதான்.

சொல்வேட்டை:
மிளகுத்தட்டு அய்யா, உங்கள் சொற்பிரிப்பிலேயே ஓர் இடறல் இருக்கிறது. நாவாட்லும் நம்மைப் போலத்தான், கூட்டுச்சொல்லில் அடை முன்னால், முக்கியச் சொல் கடைசியில். அந்தக் கணக்கில் சில்போக்ட்லி 'மிளகாய்ப்புகை' ஆகிறது. 'புகைமிளகாய்' வேண்டுமானால் போச்சில்லி என்று திருப்பிப்போட வேண்டும். இவ்வளவு வழுக்கும் பிரிப்பை ஆதாரமாக வைத்துக் கடையில் வாதாடாதீர்கள்.

மிளகுத்தட்டு:
வழுக்கட்டும். போச்சில்லி என்றாலும் எந்த மிளகாய் என்று அது சொல்லவில்லையே? என் வாதம் அப்படியே நிற்கிறது. ஹலபேன்யோ என்ற பெயரே மெக்சிகோவின் ஹலாப்பா ஊரிலிருந்து வந்தது. ஊர்ப்பெயர் காய்க்கு, புகைப்பெயர் முறைக்கு.

கரிமூட்டம்:
பெயர்ச் சண்டை நடக்கட்டும். செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம்.

பச்சைக் காய் வேண்டாம். செடியிலேயே விட்டு அடர்சிவப்பாகி, தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கியதை எடுங்கள். 10 கிலோ போட்டால் 1 கிலோ தேறும், மீதி தண்ணீர். கம்பித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, நெருப்பைத் தள்ளி வைத்து, புகையை மட்டும் மேலே அனுப்புங்கள். 80–90 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் காய் வெந்து சாறு கக்கும். அப்புறம் அது காயாது, கருகும். சில மணிக்கொரு முறை புரட்டிவிடணும். பாரம்பரிய முறையில் பல நாள் ஓடும்.

கசப்பு வந்தால் பெரும்பாலும் குற்றவாளி விறகு. ஈர விறகில் எழும் கெட்டி வெள்ளைப் புகைதான் கசப்பை ஏற்றுகிறது, மெல்லிய நீலப்புகை வேண்டும். பைன் மாதிரி பிசின் மரம் கூடவே கூடாது. மெக்சிகோவில் மெஸ்கீட், பெக்கான் மரக்கட்டைகளை எரிப்பார்கள். மெஸ்கீட்டின் நெருங்கிய சொந்தம்தான் நம்ம சீமைக்கருவேலம்! ஊரெல்லாம் திட்டும் மரம் இதற்கு உதவும். காய்ந்த கட்டையாக இருக்கணும், அதுதான் நிபந்தனை.

அம்மிக்கல்:
கரிமூட்டம் அண்ணே, காய்ந்த பதத்திலேயே இரண்டு பெயர் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மொரீத்தா சிறிசு, கருஞ்சிவப்பு, குறைந்த நேரம் புகையில் இருந்தது, தோல் மாதிரி வளையும். மெக்கோ பெரிசு, மண்ணிறம், நீண்ட நேரம் புகையில் கிடந்தது, விறைப்பாக இருக்கும். அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் மொரீத்தாதான் கிடைக்கும். மெக்கோ அதிகமாக மெக்சிகோவிலேயே தீர்ந்துவிடும். சமையல் குறிப்பில் வெறுமனே 'சிபோட்லே 3' என்று எழுதுகிறவர்கள் இதில் எது என்று சொன்னால் புண்ணியம்.

மிளகுத்தட்டு:
பார்த்தீர்களா, அங்கேயே துணைப்பெயர் போட்டுத்தான் பிரிக்கிறார்கள். 'குண்டு சிபோட்லே' என்று நானும் ஒரு துணைப்பெயர் போடுகிறேன்.

அம்மிக்கல்:
மொரீத்தா, மெக்கோ இரண்டுமே ஹலபேன்யோ. உங்கள் குண்டு இன்னொரு சரக்கு, காரமும் வேறு. ஹலபேன்யோ, காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் 2,500 முதல் 8,000 வரைதான். மூன்று சிபோட்லே கேட்கும் குறிப்பில் புகையிட்ட குண்டு மூன்றை நம்பிப் போட்டால் சாஸ் வேறு சாஸாகிவிடும். சதை குறைவு என்பதால் அரைத்தால் கெட்டிப்படவும் செய்யாது. 'புகையிட்ட குண்டு மிளகாய்' என்று எழுதுங்கள். விற்கும், யாரும் ஏமாற மாட்டார்கள்.

சொல்வேட்டை:
டப்பாவில் வரும் 'அதோபோ' சிபோட்லேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தக்காளி, வினிகர், பூண்டு சாற்றில் ஊறியது. புளிப்பும் உப்பும் ஏற்கெனவே உள்ளே இருக்கும். உலர்ந்ததற்குப் பதில் அதைப் போடுகிறவர்கள் உப்பைக் குறைக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

கரிமூட்டம்:
உலர்ந்ததை வாங்கினால் காம்பு, விதை நீக்கி, வெறும் சட்டியில் பக்கத்துக்குப் பத்து நொடி, வாசனை வந்ததும் எடுத்துவிடணும். கறுத்தால் மொத்த சாஸும் கசக்கும். பிறகு வெந்நீரில் அரை மணி நேரம். மெக்கோவுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஊறவைத்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரையுங்கள். பொடி வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் பார்க்கணும். புகைமணச் சாரம் என்று தனியாக எழுதியிருந்தால் காசை அங்கேயே மிச்சம் பிடிக்கலாம். மிளகுத்தட்டு சார், உங்கள் குண்டு மிளகாயைப் புகைபோட்டு முடித்ததும் தட்டில் எடை போட்டுச் சொல்லுங்கள். பழுத்த எடையில் எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கணும்.