மயில் தோகை மட்டும் ஏன் உதிர்கிறது?

சாட்ஸ்வொர்த் வாசகர் (டர்பன், தென்னாப்பிரிக்கா): லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் 1250களில் பதித்த தரை ஓடுகளின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பூஜை அறைக்காக மரத்தில் மயில் அச்சு செதுக்கி, சிவப்பு மண் ஓட்டில் அழுத்தி, பள்ளத்தில் வெள்ளைக் களிமண் நிரப்பிச் சுட்டேன். சூளையைத் திறந்தால் தோகை பொலபொலவென்று உதிர்கிறது. பன்னிரண்டில் ஒன்பது போயின. எங்கே தவறினேன்?

பதில்: தம்பி, ஓடு காய்ந்த பிறகு நிரப்பினீர்களா? ஈர மண் சுருங்கும், காய்ந்தது சுருங்காது. பிறகு எப்படி ஒட்டும்? விரல் பதியாமல் நகம் மட்டும் கீறும் பதத்திலேயே நிரப்பிவிடுங்கள். மேலே வழிந்ததை மறுநாள் சுரண்டுங்கள். பள்ளம் சில மில்லிமீட்டர் போதும்.

பதில்: அக்கா சொல்வது சரி. சுட்டு அரைத்த மண்பொடியையும் வெள்ளை மண்ணில் கொஞ்சம் சேருங்கள், சுருக்கம் குறையும். அக்காலத்தவர் மெருகுக்கு ஈயம் பூசினார்கள். அது நஞ்சு, கிட்டவே போகாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: இரண்டு நாள் டர்பன் வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் நிரப்பினேன், அக்கா! உதிர்ந்த ஒன்பதையும் அம்மா கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிப் பதித்துவிட்டார். தோகையில்லாத மயில்கள், கோழி மாதிரி இருக்கின்றன.